நடுவில் தொலைந்த குரல்

அத்தியாயம் 14

கல்யாணமான மூன்றாவது வாரமே கணவன் கப்பலேறிப் போனதும், அவன் கரையிறங்க இன்னும் ஐந்து மாதம் கிடப்பதும், அதுவரை மாமனார் மாமியாரோடு வாயை அடக்கிக் காலம் தள்ளுவது என்று மருமகள் தனக்குள் தீர்மானம் போட்டிருப்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீர்மானம் காற்றில் போனது. போனதே நல்லதாயிற்று.

காலை ஒன்பது மணி இருக்கும். மருமகள் அடுப்படியில் நின்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே வந்தார். வந்தவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

கதவைச் சாத்திவிட்டுப் பேசுவது அவருக்குப் பழக்கமே இல்லை. நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடமாகச் சுருக்கெழுத்தர். வக்கீல்கள் கத்துவதையும் சாட்சிகள் முனகுவதையும் ஒரே முகத்தோடு எழுதி எழுதி, வீட்டிலும் வார்த்தைகளை அளந்துதான் விடுவார். ஆனால் விடுவதை எல்லோர் எதிரிலும் விடுவார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரும்மா. தப்பு ஏதாவது இருக்கான்னு."

நாலாக மடித்த தாள். மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நீங்க டைப் அடிச்சதுல நான் தப்பு கண்டுபிடிக்கவா? நல்ல கதையா இருக்கே அத்தை" என்று சிரித்துக்கொண்டே பிரித்தவள், மூன்றாவது வரியில் சிரிப்பை நிறுத்தினாள்.

'கடந்த சில மாதங்களாக எனது செவித்திறன் குறைந்து வருவதால், சாட்சியங்களைப் பிழையின்றிப் பதிவு செய்யும் தகுதியை இழந்து வருகிறேன் என அஞ்சுகிறேன். ஆகவே எனக்கு விருப்ப ஓய்வு அளிக்குமாறு...'

"அத்தை, என்ன இது?"

"மெதுவா பேசு. மாமா காதுல விழப்போகுது. நாளைக்குக் காலையில குடுத்துடலாம்னு இருக்கேன்."

"உங்களுக்குக் காது கேட்கலைன்னு யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா என்ன?" மாமியார் ஒரு பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை படம் பார்க்கிறோமே. ஏழு மாசமா எனக்கு ஒரு வசனம் பிடிபடலை. பாட்டு கேட்குது. மழை கேட்குது. குண்டு வெடிச்சா ஜன்னலே ஆடுது. மனுஷன் வாயைத் திறந்து பேசினா மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. மாமா பக்கத்துல உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவருக்குக் கேட்குது, எனக்குக் கேட்கலை. அவ்வளவுதான் விஷயம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எங்கம்மாவுக்கும் இதே ஐம்பத்தஞ்சு வயசுலதான் ஆரம்பிச்சுது. முதல்ல பேச்சுதான் போகும்னு அன்னிக்கே டாக்டர் சொன்னார். நான் போய் அதே வார்த்தையை இன்னொரு தடவை கேட்டுட்டு வரணுமா?"

"கோர்ட்டுலயும் அப்படியா இருக்கு?"

மாமியார் இன்னொரு பட்டாணியை எடுத்தார்.

"முன்னெல்லாம் சாட்சி முனகினா, 'உரக்கச் சொல்லுய்யா'ன்னு அதட்டுவேன். இப்ப, அவன்தான் முனகறானா, இல்ல எனக்குத்தான் விழலையான்னு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்துட்டா கை எழுதாதும்மா."

மருமகளுக்கு விஷயம் தெரியும். நாலு மாதமாகத் தெரியும்.

மாமனார் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வாரமே அவர் வாங்கி வந்தவைதான் ஹாலில் டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் அந்த ஸ்பீக்கர்கள். இடுப்பு உயரம், தேக்கு நிறம், கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர். கடையிலிருந்து ஆள் வந்து மாட்டித் தருவார் என்று சொன்னதற்கு, "ஊருக்கே கரண்ட் குடுத்தவன் வீட்டுக்கு ஒயர் மாட்ட ஆளா?" என்று அனுப்பிவிட்டுத் தானே மாட்டினார். வலது பக்க ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்த ஒயர் எட்டவில்லை. பரணில் கிடந்த சாம்பல் நிற ஒயரை எடுத்து நீட்டித்துக்கொண்டார். அதில் இரண்டு இழையும் ஒரே நிறம். அன்றிலிருந்து அவர் தவிர வேறு யாரும் அந்த ஸ்பீக்கர்களைத் தொட்டதில்லை. தூசி தட்டக்கூட அனுமதி கிடையாது.

மருமகளோ ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம். வாசிக்கிறவர் மூச்சை எங்கே இழுக்கிறார், எங்கே எச்சில் விழுங்குகிறார் என்பது வரை அவள் காது பிடித்துவிடும். இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லோருமாகப் படம் பார்க்க உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே அவளுக்குப் புரிந்துபோயிற்று. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுக்கத் தேய்ந்து கிடந்தது. ஒரு பக்கக் கம்பி மாறியிருக்கிறது.

கணவனிடம் சொன்னாள். அவன், "அப்பா மாட்டின கம்பியில தப்பா? தாராளமா சொல்லு. ஆனா நான் கப்பல் ஏறினப்புறம் சொல்லு" என்று கும்பிடு போட்டான்.

அவன் ஏறினபின் இவளுக்கு நாக்கு எழவில்லை. வந்ததும் வராததுமாக மாமனார் வேலையில் நொட்டை சொன்னாள் என்ற பெயர் எதற்கு? யாருக்கு என்ன நஷ்டம்? படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இஸ்திரி போட வேண்டும் என்று எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். சோபாவில் மாமியார் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்த்ததே இல்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்பதற்கான பதில் இப்போது அவள் கையில் இருந்தது.

"அத்தை, உங்க காதுல ஒண்ணும் இல்லை. கோளாறு ஸ்பீக்கர்ல இருக்கு. சத்தியமா சொல்றேன்."

மாமியார் அவள் தோளைத் தட்டினார். "நல்ல பொண்ணு நீ. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லத் தெரியுது. ஸ்பீக்கர்ல கோளாறுன்னா மாமாவுக்கு மட்டும் எப்படிக் கேட்குதாம்?"

அது மருமகளுக்கும் விளங்காத புதிர்தான்.

"அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது. நாளைக்குக் குடுத்துட்டு வந்து நானே சொல்லிக்கறேன்." தாளை வாங்கி மடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

மருமகள் ஹாலுக்கு வந்தாள். மாமனார் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார்.

"மாமா, ஒண்ணு கேட்கலாமா?"

"ரெண்டு கேளு."

"அந்த வலது பக்க ஸ்பீக்கருக்கு... சிவப்புல சிவப்பும் கறுப்புல கறுப்பும்தானே போயிருக்கு?"

செய்தித்தாள் அரை அடி இறங்கியது. "ஏன்?"

"சும்மாதான். மாறியிருந்தா வசனம் கொஞ்சம் அமுங்கும்னு..."

"மாறினா என்ன ஆயிடும்? பல்பு மாட்டறப்ப எந்தக் கம்பி எந்தப் பக்கம்னு பார்த்தா மாட்டறோம்? எப்படி மாட்டினாலும் எரியுதில்ல?"

"பல்பு வேற மாமா, இது..."

"முப்பத்திரண்டு வருஷம் கம்பத்துல தொங்கினவன்மா நான். சத்தம் வருதில்ல?"

"வருது."

"அப்புறம் என்ன?"

செய்தித்தாள் மறுபடி ஏறி அவர் முகத்தை மறைத்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு மாமனார் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் தாங்காது. திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். மாமியார் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தார்.

மருமகளுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இரண்டு கம்பிகள். கழற்றி இடம் மாற்றி மாட்ட இரண்டு நிமிடம் போதும். மத்தியானம் படம் போடும்போது மாமியாருக்குத் தானாகக் கேட்கும். கடிதம் குப்பைக்குப் போகும். மாமனார் மானமும் காப்பாற்றப்படும். யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வலது ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். சாம்பல் ஒயர்கள் இரண்டும் இறுக்கமாக முறுக்கி மாட்டப்பட்டிருந்தன. கை சுத்தமான வேலை, கம்பிதான் மாறிப்போயிருந்தது. திருகைத் தளர்த்தினாள். ஒன்று வந்தது. இரண்டாவதைக் கையில் பிடித்து இழுக்கும்போது வாசல் கதவு திறந்தது.

"கடையைச் சாத்திட்டுப் போயிட்டான், எங்கேயோ விசேஷமாம்" என்று சொல்லிக்கொண்டே நுழைந்த மாமனார், அப்படியே நின்றுவிட்டார்.

கையும் களவுமாக என்பார்களே, அதுதான். மருமகள் ஒரு கையில் ஒயர், மறு கையில் திருப்புளி, மூக்கில் ஒட்டடை.

"என்ன பண்றே?"

துடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"கம்பியை மாத்தறேன் மாமா."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டேனே. நீங்க பேப்பரைத் தூக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். நாலு மாதத்தில் இந்த வீட்டில் அவள் சொன்ன முதல் எதிர்வார்த்தை அது.

மாமனார் முகம் சிவந்தது. "வந்து நாலு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள என் பொருள்ல கை வைக்கிறே. வேலை தெரிஞ்சவனுக்கே வேலை சொல்லித் தர்றே. உன் கூடத்துல நாலு மைக்கைப் பார்த்துட்டா உலகத்துல இருக்கிற கம்பியெல்லாம் தெரிஞ்சுபோச்சா? இன்னிக்கு அவன் போன் பண்ணட்டும்..."

"அவளைத் திட்டாதீங்க."

மாடிப்படியடியில் காலிக் கூடையோடு மாமியார் நின்றிருந்தார்.

"நீ பேசாம இரு. இவ என்ன பண்ணினா தெரியுமா?"

"தெரியும். எனக்காகப் பண்ணினா."

கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கைப்பையோடு வந்தார். தாளை எடுத்து நீட்டினார். மாமனார் சட்டைப்பையைத் தடவினார், கண்ணாடி இல்லை.

"நீயே படி" என்றார் எரிச்சலாக.

மாமியார் படித்தார். நீதிமன்றத்தில் சாட்சியத்தைத் திருப்பிப் படித்துக்காட்டும் அதே குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, நடுக்கம் இல்லை. தன் காது போய்விட்டது என்பதை யாரோ ஒருத்தருடைய வழக்கு மாதிரி படித்தார். மருமகளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாமனார் சோபாவில் உட்கார்ந்தார்.

"உனக்கா? காது கேட்கலையா?"

"படத்துல ஒரு வசனம் கேட்கலை. ஏழு மாசமா. நீங்க சிரிக்கிறப்ப நானும் சிரிச்சு வெச்சேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தன் பாதங்களைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு மண்ணும் கேட்கலை" என்றார்.

"என்னது?"

"கேட்கலை. என்னிக்குமே கேட்கலை. படத்துல ஒருத்தன் வாயைத் திறந்து மூடிட்டு இன்னொருத்தன் முகத்தைப் பார்த்தான்னா ஜோக்குன்னு அர்த்தம். சிரிச்சுடுவேன்."

"ஏழு மாசமாவா!"

"நானே தேடித் தேடி வாங்கினது. நானே மாட்டினது. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டி வேற பீத்திக்கிட்டேன். அப்புறம் வசனம் கேட்கலைன்னு எந்த வாயால சொல்றது?"

இருபத்தெட்டு வருடம் அளந்து பேசிய மாமியார் அன்றைக்குக் கணக்கில்லாமல் பேசினார். அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும். "நான் செவிடாயிட்டேன்னு ராத்திரி பகலா வெந்துக்கிட்டிருக்கேன், நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே!" என்பது அதில் மென்மையான வரி. மாமனார் தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் ஓய்ந்தபின் மருமகள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த முதல் ஞாயித்துக்கிழமையே."

"அப்பவே ஏம்மா சொல்லலை?"

மருமகள் அவரைப் பார்த்தாள். மாமியாரும் அவரைப் பார்த்தார்.

"சரி சரி. சொல்லியிருந்தா மட்டும் கேட்டுக் கிழிச்சிருப்பேனாக்கும்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

"என் மேலயும் தப்புதான் அத்தை. நான் ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தா நீங்க இந்தக் காகிதத்தையே அடிச்சிருக்க மாட்டீங்க." சொல்லும்போதே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதே. முதல்ல மூக்கைத் துடை, ஒட்டடை" என்றார் மாமியார்.

"ஆனா எனக்குப் புரியலை" என்று மாமனார் ஆரம்பித்தார். "சத்தம் வருது. பாட்டு நல்லாத்தான் வருது. பேச்சு மட்டும் எங்கே போகும்?"

"பீரோவை ரெண்டு பேர் நகர்த்தறோம்னு வைங்க மாமா. ஒருத்தர் தள்ளும்போது இன்னொருத்தரும் அதே பக்கம் தள்ளணும். இங்க இது தள்ளும்போது அது இழுக்குது. பாட்டுல வீணை ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு வர்றதால அது தப்பிச்சுக்குது. பேச்சு ரெண்டு ஸ்பீக்கர்லயும் சரிசமமா வரும். ஒண்ணு தள்ளி ஒண்ணு இழுத்தா நடுவுலயே அழிஞ்சுபோயிடும்."

அவர் நம்பிக்கையில்லாமல் தலையாட்டினார். மருமகள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதிலிருந்த சின்ன பேட்டரியை எடுத்தாள். ஸ்பீக்கர்களின் முன்துணியை விலக்கினாள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒயர்களைக் கழற்றி, இடது ஸ்பீக்கரின் ஒயர் நுனிகளைப் பேட்டரியில் ஒரு நொடி தொட வைத்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த கறுப்புக் கூம்பு முன்னால் துள்ளியது.

"வெளியில வந்துதா மாமா?"

"வந்துது."

ஒயரை எடுத்த இடத்தில் திரும்பச் செருகிவிட்டு, தளர்த்திய வலது ஸ்பீக்கரையும் முன்பிருந்தபடியே மாட்டிச் சாம்பல் ஒயரைத் தொட வைத்தாள். 'டப்'. கூம்பு உள்ளே போனது.

மாமனார் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தார். பேட்டரியை வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். உள்ளே. இன்னொரு தடவை. உள்ளே. பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"மூணு ஃபேஸ் மோட்டார்ல ரெண்டு கம்பி மாறினா மோட்டார் தலைகீழாச் சுத்தும்! எத்தனை மில்லுல போய்த் திருத்தியிருக்கேன்! இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்குமே. பேச்சு அமுங்கும், அது இதுன்னா?"

"எனக்கு மோட்டார் தெரியாதே மாமா."

"எனக்கு இது தெரியலை. சரியாப் போச்சு, போ."

மருமகள் திருப்புளியை அவரிடம் நீட்டினாள். "நீங்களே மாத்துங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கம்பிகளை இடம் மாற்றி முறுக்கி மாட்டினார். மறுபடி பேட்டரி வைத்துச் சோதித்து, இரண்டு கூம்பும் ஒன்றாக வெளியே துள்ளுவதைப் பார்த்தபின், சாம்பல் ஒயரின் ஒரு இழையில் சிவப்பு டேப் சுற்றினார். வேலை என்று வந்தால் அவர் அரைகுறையாக விடுகிறவர் இல்லை.

போன வாரப் படத்தையே மறுபடி போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளும் காட்சி. போன வாரம் தூரத்து ரேடியோ மாதிரி இருந்த குரல் இப்போது திரைக்கு நடுவிலிருந்து, அந்த அண்ணன் வாயிலிருந்தே வந்தது.

"அட!" என்றார் மாமனார்.

மருமகளுக்கு இன்னும் திருப்தியில்லை. கிசுகிசுப்பு இன்னமும் இசைக்கடியில் பதுங்கிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து டிவியின் ஒலி அமைப்புக்குள் போனாள். 'சரவுண்ட்' என்று இருந்தது.

"பாருங்க மாமா, வீட்டுல அஞ்சாறு ஸ்பீக்கர் இருக்கிறதா நினைச்சு இது அனுப்பிக்கிட்டிருக்கு. அதுல பேச்சுக்குன்னே நடுவுல ஒரு ஸ்பீக்கர் உண்டு. நம்மகிட்ட நடு ஸ்பீக்கர் கிடையாது. இருக்கிறது ரெண்டுதான்னு சொல்லிட்டா, பேச்சை ரெண்டுக்கும் ஒழுங்காப் பிரிச்சுக் குடுத்துடும்." 'ஸ்டீரியோ' என்று மாற்றினாள்.

மாமனார் எழுந்துபோய், கடைசி வரை முறுக்கி வைத்திருந்த, அதிர்வுச் சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவந்தார்.

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் படம் பார்க்கவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். கோடு, கொக்கி, புள்ளி. சுருக்கெழுத்து. கண் திரையில்கூட இல்லை. காது மட்டும் அங்கே இருந்தது. காட்சி முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. பின்னாடி போங்க. நான் படிக்கிறேன், சரி பாருங்க."

படித்தார். அண்ணன் சொன்னது, தங்கை சொன்னது, நடுவில் நர்ஸ் குறுக்கிட்டுக் கேட்டது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தாளே, "அம்மாகிட்ட பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேணும்ணா" என்று, அதுவும் இருந்தது. மருமகள் காட்சியைத் திரும்ப ஓட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை.

"அந்த முணுமுணுப்பு எனக்கே விழலை அத்தை" என்றாள் மருமகள். உண்மையாகவே விழவில்லை.

மாமியார் பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து மருமகள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை பேருடைய வார்த்தையையும் எழுதியவருக்குத் தன் வார்த்தை கிடைக்கவில்லை.

"நான் ஒண்ணுமே பண்ணலை அத்தை. காது உங்ககிட்டயேதான் இருந்துது."

"இருந்துதுன்னு எனக்கு யாரும்மா சொன்னா? நீதானே சொன்னே. நான்தான் நம்பலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பையன் கப்பல் கப்பலாச் சம்பாதிச்சு என்ன கொண்டுவந்தாலும் இதுக்கு ஈடாகாது."

"இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம். மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

"போவோம். இப்பப் போக எனக்குப் பயமில்லை."

கடிதத்தை எடுத்து நாலாக, எட்டாகக் கிழித்தார். மாமனாரைக் காணோம். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து மூன்று கோப்பையில் டீயோடு வந்தார். சர்க்கரைப் பாகு தோற்றுவிடும், அத்தனை தித்திப்பு. மருமகளுக்கு முதல் கோப்பையை நீட்டினார்.

"இனிமே எதுன்னாலும் நேரா சொல்லிடு. நான் பேப்பரைத் தூக்கினா பிடுங்கிப் போடு. உன் மாமா தப்பு பண்ணாதவன் இல்லை. கொஞ்சம் லேட்டா ஒத்துக்கிறவன்."

"சரி மாமா."

"நல்லா இரும்மா" என்றார்.

மூவரும் உட்கார்ந்து படத்தை முதலிலிருந்து போட்டார்கள். மாமனார் இப்போது நிஜமாகவே சிரித்தார், தப்பான இடங்களில் சிரிக்காமல். மருமகளுக்கு இஸ்திரி போடும் ஞாபகமே வரவில்லை. இந்தச் சோபாவில் தனக்கும் ஒரு இடம் விழுந்துவிட்டது என்பதை அவள் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். மாமியார் சட்டென்று எழுந்து பின்பக்கம் போனார். போன விதம் சரியில்லை. மருமகளும் பின்னாலேயே போனாள்.

மாமியார் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்ப அவன் ஏழுன்னுதான் சொல்லியிருக்கான்" என்றார்.

"யாரு அத்தை?"

"ஒரு வாட்ச்மேன். மூணு வாரம் முன்னால சாட்சி சொன்னான். ஒரு குடோன் தீப்பிடிச்ச கேஸு. தீ வெச்சான்னு ஒரு வெல்டரைப் பிடிச்சுப் போட்டிருக்காங்க, ஒரு வருஷமா உள்ளே இருக்கான். எத்தனை மணிக்குப் புகையைப் பார்த்தேன்னு வாட்ச்மேனைக் கேட்டாங்க. வாய்க்குள்ளயே சொன்னான். எனக்கு ஏழுன்னு விழுந்துது. ஏழுன்னு எழுதினேன். அரசுத் தரப்பு வக்கீல், 'எட்டுன்னுதானேம்மா சொன்னார்'னார்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"எனக்குத்தான் காது போயிடுச்சே." அவர் குரல் உடைந்தது. "அடிச்சுட்டு எட்டுன்னு எழுதினேன். படிச்சுக் காட்டினப்ப அந்த வாட்ச்மேன் எல்லாத்துக்கும் தலையாட்டற மாதிரி அதுக்கும் தலையாட்டினான்."

"ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் அத்தை?"

"ஏழேகால் வரைக்கும் அந்த வெல்டர் தன் பட்டறையில இருந்தான். பார்த்தவங்க நாலு பேர் இருக்காங்க. புகை ஏழுக்கே வந்துடுச்சுன்னா அவன் அங்கே போயிருக்கவே முடியாது."

"அப்ப அந்த வெல்டர்..." என்றாள் மருமகள்.

"வியாழக்கிழமை தீர்ப்பு" என்றார் மாமியார். "என் நோட்டுல அடிச்ச இடம் அப்படியே இருக்கும். அடியில ஏழுன்னு இன்னும் படிக்கலாம். ஆனா அடிச்சது நான்தான்னு நானே போய்ச் சொல்லணும். சாட்சியத்துல கை வெச்சேன்னு. அப்புறம் நான் விருப்ப ஓய்வு கேட்க வேண்டியிருக்காது, அவங்களே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஹாலில் படத்தின் சத்தம் நின்றது. "ரெண்டு பேரும் எங்கே போயிட்டீங்க? நிறுத்தி வெச்சிருக்கேன், வாங்க!" என்று மாமனார் கூப்பிட்டார்.

இருவரும் அசையவில்லை.

"நாளைக்கு உனக்கு லீவு கிடைக்குமா?" மாமியார் அவளைப் பார்க்காமலேயே கேட்டார். "தனியா ஜட்ஜ் அறைக்குள்ள போக எனக்குத் தைரியம் பத்தாது."

இந்த வீட்டில் யாரும் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. மருமகள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும், சொல்லுங்க அத்தை."